தண்ணீர் வார்ப்பவருக்கு நெல்

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு ஆடு விட்ட செய்தியும், அமுதுபடிக்கு நிலம் விட்ட செய்தியும் ஏராளம். அவற்றுக்கு நடுவே வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுக்க ஏற்படுத்திய அறங்களும் அங்கங்கே வரும். அவற்றில் என்னை நிறுத்துவது கொடை கொடுத்தவரின் பெயரோ பட்டமோ இல்லை. தண்ணீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கு நெல், பந்தலில் உட்கார்ந்து வார்ப்பவருக்கு நெல், கலம் வனைந்து தரும் குயவருக்கு நெல் என்று வேலையைப் பிரித்து, கூலியையும் பிரித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்களே, அந்த இடம்தான். தாகம் வருவது ஒருவருக்கு. அதைத் தீர்க்க மூன்று பேருக்குச் சம்பளம் வைத்திருக்கிறது ஊர்.

நான் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில், சிறுநீரகப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்லடைப்பு என்று வந்து படுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் எல்லாருக்கும் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "தண்ணி நெறையக் குடிங்க." அந்தக் கல்வெட்டுச் செய்திகளைப் படித்த பிறகு எங்கள் வாசகம் எனக்கு மிகவும் சிறியதாகத் தெரிந்தது. குடிக்கச் சொல்வது சுலபம். அந்தத் தண்ணீர் எங்கே இருக்கும், யார் கொண்டுவருவார்கள், குடிப்பவருக்கு நின்று குடிக்க நிழலும் நேரமும் உண்டா என்று நாங்கள் கேட்டதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள்.

தண்ணீர்ப் பந்தலின் கதைகளில் எல்லாருக்கும் தெரிந்தது அப்பூதி அடிகள் கதை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வருவது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். அப்பூதி அடிகள் திருநாவுக்கரசரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அவர் பெயர், வீட்டு அளவைகளுக்கு அவர் பெயர், சாலையில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயர். அந்த வழியாக நடந்து வந்த நாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைப் பார்த்து, இதை வைத்தவர் யார் என்று விசாரிக்கிறார். அதன் பிறகு பாம்பு கடித்த பிள்ளையின் கதை வந்து எல்லார் மனத்தையும் பிடித்துக்கொள்கிறது. நான் பந்தலிலேயே நின்றுவிடுவேன். 7-ஆம் நூற்றாண்டு அடியார் ஒருவரின் பெயரை நிலைநிறுத்த ஒரு பக்தர் தேர்ந்தெடுத்த இடம், வெயிலில் வருகிற முகம் தெரியாத மனிதர் குனிந்து கைகளைக் குவிக்கிற இடம்.

மதுரையில் ராணி மங்கம்மாள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது போட்ட சாலைகளும் சத்திரங்களும் இதே வரிசையில் வருபவை. சாலையின் இரு பக்கமும் மரம், நடைக்கு இவ்வளவு தூரத்தில் ஒரு சத்திரம், குடிக்க ஒரு கிணறு. இடையிடையே சுமைதாங்கிக் கல். பிரசவத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவார்கள். தலைச்சுமையை இறக்கி வைக்கத் துணை ஆள் வேண்டாம் என்பதால், தனியாக வருபவரும் அங்கே நின்று மூச்சு வாங்கித் தண்ணீர் குடிக்கலாம். மரம், கல், கிணறு, பந்தல் என்று ஒன்றையொன்று தெரிந்துகொண்டு அமைந்த ஏற்பாடு அது. கோயம்புத்தூரிலும் ஈரோட்டுப் பக்கத்திலும் தண்ணீர்ப்பந்தல் என்பது ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது.

எங்கள் ஆச்சி அப்படி ஒரு பந்தலில் தண்ணீர் வார்த்தவள். திருச்செந்தூருக்கு நடைபோகும் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான். பங்குனி பிறந்ததும் புளியமரத்தடியில் பனையோலைப் பந்தல் போட்டுவிடுவார்கள். ஊரில் ஒரு குடும்பத்துக் கட்டளை அது. ஆச்சிக்குக் கூலி பணமாக இல்லை, நெல்லாக வரும். கல்வெட்டில் 'வார்ப்பவருக்கு நெல்' என்று படித்தபோது எனக்கு அது பழங்காலச் செய்தியாகவே படவில்லை.

பந்தலுக்குள் ஆற்றுமணலைக் கொட்டிப் பரப்பி, அதை நனைத்து, அதன்மேல் பானைகள். பானைக்கு உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் கலங்கல் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்து அடியில் வண்டல் தங்கும். வெட்டிவேர் ஒரு முடிச்சு. வெள்ளிக்கிழமை நீர்மோர்: கடைந்து வெண்ணெய் எடுத்த மோரில் தண்ணீரை அள்ளி விட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். ராமநவமிக்குப் பானகம். மற்ற நாளில் வெறும் தண்ணீரும் ஒரு சில்லு கருப்பட்டியும். ஓடி வந்து மடமடவென்று குடிக்கப் பார்ப்பவரை ஆச்சி விடமாட்டாள். "இரிங்க, மூச்சு வாங்கிட்டுக் குடிங்கய்யா" என்று உட்காரவைத்து, கால்வாசிச் செம்பு வார்த்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வார்ப்பாள். போகும்போது இன்னொரு முறை. ஒரே மூச்சில் குடிப்பதைவிட நாள் முழுக்கப் பரவலாகக் குடிப்பதுதான் சிறுநீரகத்துக்கு நல்லது என்பதைப் பயிற்சிக் காலத்தில் படித்தேன். ஆச்சியின் கை அதை முன்பே செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பந்தலில் பானைகள் ஒரே வரிசையில் இல்லை. ஒதுக்கமாக ஒரு பானை இருந்தது. சிலருக்குச் செம்பைக் கையில் கொடுப்பார்கள். சிலருக்கு உயரத்திலிருந்து கைக்குள் ஊற்றுவார்கள். சிலருக்குத் தகரக் குழல் வழியாக. தர்மம் என்ற பெயரில் நடந்ததிலேயே இந்த அநியாயம் இருந்தது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதற்கு எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்த நான் அந்த ஒதுக்கமான பானையைப் பார்த்திருக்கிறேன். பந்தலின் பெருமையைச் சொல்லும் யாரும் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி சிறுநீரகக் கல்லின் கதை. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கடல்நீரையோ ஆழ்துளைக் கிணற்று உப்புநீரையோ பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். நீரின் உப்புச் செறிவை அளக்கும் கருவி 24, 25 டிகிரி என்று காட்டும்வரை அது தண்ணீர்தான். அந்த எல்லையைத் தாண்டியதும் பாத்தியின் அடியில் உப்பு பூக்கத் தொடங்கும். சிறுநீரகத்துக்குள் நடப்பதும் இதுவே. சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்திருக்கின்றன. வெயிலில் வேர்வையாகத் தண்ணீர் போய்விட, குடிப்பதும் குறைந்தால், சிறுநீர் கெட்டிப்பட்டு, கரையக்கூடிய அளவைத் தாண்டி, படிகம் பிடிக்கிறது. அது வளர்ந்து நகர்ந்து குழாயில் மாட்டும்போதுதான் விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இழுக்கும் அந்த வலி. கல்லடைப்புக்காரரை வார்டில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். மற்ற வயிற்றுவலிக்காரர்கள் அசையாமல் சுருண்டு படுப்பார்கள்; இவர்களால் ஒரு நொடி ஓரிடத்தில் இருக்க முடியாது. எழுவார்கள், நடப்பார்கள், கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். கல் தானாக விழட்டும் என்று காத்திருக்கும்போது அவர்கள் சிறுநீரைத் துணியில் வடிகட்டிப் பார்க்கச் சொல்வோம். மிளகில் பாதிகூட இல்லாத ஒரு துணுக்கு விழும். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

பாத்தியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் உப்பு விளையாது. இத்தாலியில் பார்மா நகரத்து மருத்துவர்கள் முதல்முறை கல் வந்த 199 பேரை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரின் அளவைக் கூட்டியவர்களில் 12 சதவீதம் பேருக்கே மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு. ஒரு நாளைக்குச் சிறுநீர் இரண்டரை லிட்டராவது போகவேண்டும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். கவனியுங்கள், குடிக்கும் அளவு இல்லை, வெளியேறும் அளவு. சித்திரை வெயிலில் வேலை செய்பவர் வேர்வைக்கும் சேர்த்துக் குடிக்கவேண்டும் என்பதால் அவருக்கு மூன்று லிட்டரே போதாது. (இதயம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்து வருபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.)

தண்ணீருக்கு அடுத்தபடி வார்டில் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி பால், மோர் பற்றியது. கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்திவிட்டேன் என்பார்கள். இதற்கு நம் குன்னூரில் ஒரு பழைய சாட்சி உண்டு. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே எலிகளை வைத்து உணவு ஆராய்ச்சி நடத்தினார். அப்போது இந்தியாவில் கல் என்றால் முக்கியமாக மூத்திரப்பையில் வரும் கல். பஞ்சாப், சிந்து பக்கம் குழந்தைகளுக்கே நிறைய வந்தது, நம் பக்கம் குறைவு. பாலும் கீரையும் இல்லாமல் பெரும்பாலும் மாவையே தின்று வளர்ந்த எலிகளுக்குக் கல் விளைந்ததையும், தீனியில் பாலைச் சேர்த்தபோது அது தடைப்பட்டதையும் அவர் கண்டார். 1931-ல் இந்தியாவில் கல் வரும் காரணம் பற்றி எழுதினார். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. பையில் வரும் கல்லும் சிறுநீரகக் கல்லும் ஒன்றல்ல. ஆனால் சிறுநீரகக் கல்லிலும் பால் குற்றவாளி இல்லை என்பதை அதே பார்மா மருத்துவர்கள் 2002-ல் காட்டினார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 ஆண்களில் 23 பேருக்கு ஐந்து வருஷத்தில் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல வைத்துக்கொண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். மோரில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுவதால் அந்த ஆக்சலேட் சிறுநீரகம்வரை போவதில்லை. பந்தலில் மோர் வார்த்தவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை, ஆனாலும் சரியான பாத்திரத்தைத்தான் எடுத்துவைத்திருக்கிறார்கள்.

பயப்படவேண்டியது உப்புக்கு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். எங்கள் கடலோரத்தில் கருவாடு இல்லாத வாரம் கிடையாது. ஊறுகாய், அப்பளம், வற்றல் வேறு. தக்காளி விதைதான் கல்லாகிறது என்று நம்பி, விதையைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பில் தக்காளி போடும் வீடுகளை எனக்குத் தெரியும். தக்காளியில் ஆக்சலேட் குறைவு. பாலக்கீரையில்தான் அதிகம், அதையும் தயிரோடு, மோரோடு அளவாகச் சாப்பிட்டால் போதும். எலுமிச்சை மிக நல்லது. அதிலுள்ள சிட்ரேட் படிகம் சேராமல் தடுக்கும். ஆனால் சர்க்கரையைக் கொட்டிக் குடித்தால் அந்த நன்மை போய்விடும். வாழைத்தண்டுச் சாறும் கொள்ளு ரசமும் குடித்தால் குடிக்கட்டும், அவற்றோடு சேர்ந்து தண்ணீரும் உள்ளே போகிறது. சிறுபீளையைச் சித்த மருத்துவர்கள் கல்லடைப்புக்குக் கொடுப்பார்கள். போகிக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிற அதே செடி. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போய்க் கேட்டுச் சாப்பிடுபவரை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று கஷாயம் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, அடைபட்ட சிறுநீரகம் வீங்கிப்போகும்வரை ஸ்கேன் எடுக்காமல் இருப்பதைத்தான் தடுத்தேன்.

பந்தல் எப்படி மறைந்தது என்றால், நடப்பவர்கள் மறைந்தார்கள். பேருந்து வந்தது, சாலை அகலமானபோது புளியமரங்கள் போயின, தண்ணீர் காசுக்கு விற்கும் பாட்டில் ஆனது. கட்டளைக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டன. எங்கள் ஆச்சி காலமான பிறகு வார்க்க ஆள் வைக்கவில்லை. சித்திரையில் இப்போதும் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள், தர்பூசணி கொடுக்கிறார்கள். திறப்பு நாளில் குடித்தவர்களுக்குத் தாகம் தீரட்டும், அது நல்லதே. பந்தல் திறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

வெயில் மட்டும் மறையவில்லை. முன்பு வெயிலில் இருந்தவர் நடந்துகொண்டிருந்தார். பந்தல் அவர் வழியில் வந்தது. இன்றைக்கு வெக்கையில் இருப்பவர் ஓரிடத்தில் கட்டுண்டு நிற்கிறார். உப்பளத்தில், செங்கல் சூளையில், உலைக்கு முன்னால், துணிக்கடையின் மாடியில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தென்னிந்திய இரும்பாலைத் தொழிலாளர்களையும் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களையும் ஆராய்ந்து, வேலையிடத்து வெக்கைக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது கட்டுரையாக வருவதற்கு முன்பே கட்டில் கட்டிலாகத் தெரியும்.

உப்பளத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் நான் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: "குடிச்சிருவேன் சிஸ்டர். ஒதுங்க எங்கன போறது?" விடியுமுன்பே வேலைக்குப் போகிறார். வெள்ளை வெளேரென்று பாத்தியும் வரப்பும் அம்பாரமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மறைவு கிடையாது. ஆண்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் உடைமரம் இருக்கும் இடம்வரை நடக்கவேண்டும். நடந்தால் வேலை நிற்கும். ஆகவே கேனில் கொண்டுபோகும் தண்ணீரைத் தொண்டை நனைக்கும் அளவுக்கு மட்டும் குடிப்பதை அவர்கள் பழகிக்கொள்கிறார்கள். துணிக்கடைப் பெண்களும் இதையே சொன்னார்கள். எங்கள் வார்டிலும் இதே நிலைதான். இரவுப் பணியில் செவிலியர்களுக்கென்று கழிப்பறை வெகுகாலம் இல்லாததால் நாங்களும் குடிக்காமல் இருந்தோம்.

நம் பழைய அறத்தின் பெரிய குறை எனக்கு அங்கேதான் தெரிந்தது. இறைப்பவருக்கு நெல் வைத்தார்கள், வார்ப்பவருக்கு வைத்தார்கள், பானைக்கு வைத்தார்கள். குடித்த தண்ணீர் வெளியே போக ஓர் இடம் வேண்டுமே என்பது அந்த அறத்தின் கணக்கில் எனக்குத் தட்டுப்படவே இல்லை. ஆணுக்குச் சாலையோரம் முழுவதும் இடம். பெண் இருட்டும்வரை காத்திருந்தாள். ஆச்சியும் பந்தலில் நாள் முழுக்க ஊருக்கு வார்த்துவிட்டு, தான் சாயங்காலம்தான் குடிப்பாள். அவளுக்கு அது விரதம் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.

சட்டம் பாதியளவு கவனித்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் குடிநீருக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. தண்ணீர் வைக்கும் இடத்தில் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதவேண்டும்; 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தரவேண்டும் என்றது அது. கழிப்பறைக்கும் தனிப் பிரிவு இருந்தது. எழுதியவர்கள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஆள் குறைந்த சூளைக்கும் வெட்டவெளிப் பாத்திக்கும் அது போய்ச் சேர்ந்ததே இல்லை. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தினார்கள். கேரளத்தில் அதற்காகத் தெருவில் நின்றவர்கள் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள். இருக்கையோடு கழிப்பறையையும் சேர்த்தே கேட்டார்கள். பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிக்க மணியடிக்கும் வழக்கம் கேரளத்தில் 2019-ல் தொடங்கி, 2025-ல் நம் பள்ளிகளுக்கும் வந்தது. அந்த மணி அடித்ததும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அடுத்த இடைவேளையில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று தலைமையாசிரியர்கள் பார்த்தால்தான் அந்த மணி வீட்டுக்கும் பழக்கமாகப் போகும்.

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் தெருக்காரர்களோடு சேர்ந்து பேருந்து நிறுத்தத்தில் பந்தல் போடுகிறேன். மோரில் உப்பைக் கிள்ளு அளவாகக் குறைத்துவிட்டோம், இஞ்சியும் கறிவேப்பிலையும் கூட்டினோம். யாரும் குறை சொல்லவில்லை. எலுமிச்சை தனியாக ஒரு பானை, சர்க்கரை இல்லாமல். பானைகள் எல்லாம் ஒரே வரிசையில். வார்க்க ஒரு அம்மாளுக்கு மாதச் சம்பளம் பேசி, நன்கொடைச் சீட்டில் முதல் செலவாக அதை எழுதினோம். பக்கத்தில் நகராட்சிக் கழிப்பறை ஒன்று பூட்டியே கிடந்தது. அதைத் திறந்து, பெருக்கிக் கழுவ ஒருவருக்கும் கூலி வைத்திருக்கிறோம். சாவி வார்க்கிற அம்மாளிடம் இருக்கிறது. கட்டணம் கிடையாது என்று கதவில் பெரிய எழுத்தில் எழுதியாகிவிட்டது. உப்பளத்து வேன் காலையில் அங்கேதான் ஆள் ஏற்றும். வேனிலேயே இரண்டு பானை ஏற்றிப்போக இடம் தருவீர்களா என்று ஓட்டுநரிடம் கேட்டிருக்கிறேன். முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.